அம்மா 'வண்டி கத்துக்கணும்'னு சொல்றாங்களா? சிரிக்காதீங்க, சாவியைக் கொடுங்க! - 45+ டூவீலர் அலசல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர் பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். மனை பிரித்துக் கல் நட்டு, இன்னும் வீடு எழும்பாத லேஅவுட் தெருக்கள். அங்கே ஒரு ஸ்கூட்டர் ஊர்ந்து வரும். ஓட்டுபவருக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு கால்களும் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். பக்கத்தில் காலேஜ் படிக்கும் மகனோ மகளோ மூச்சு வாங்க ஓடி வருவார்கள். "பிரேக்... பிரேக்... அம்மா, அது ஆக்ஸிலேட்டர்!"

இதை ரீல்ஸ் எடுத்துப் போட்டால் லைக்ஸ் அள்ளும். ஆனால், அந்த ஸ்கூட்டருக்குப் பின்னால் முப்பது வருஷக் கதை இருக்கிறது. அரசுத் திட்டங்கள், பஸ் வராத தெருக்கள், வரிக் குறைப்பு, இன்சூரன்ஸ் பாலிசியின் சின்ன எழுத்துகள் என எல்லாமே அதில் அடக்கம். முக்கியமாக, அந்தக் கதையில் உங்களுக்கு ஒரு ரோல் இருக்கிறது. ஏனென்றால், நம் வீடுகளில் 45 வயதைத் தாண்டியவருக்கு வண்டி கற்றுத்தரும் வாத்தியார் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஏன் இப்போது?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகள். பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, சிட்லபாக்கம், திருநீர்மலை, மாடம்பாக்கம் என ஐந்து பேரூராட்சிகள். எல்லாம் சேர்ந்து 70 வார்டுகள். வீட்டு விலை கட்டுப்படியாகாமல் நகரத்துக்குள்ளிருந்து தெற்கே நகர்ந்து வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலை இருக்கிறது. ஆனால், வீட்டிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கும் சாலைக்கும் போய்ச் சேர்வதுதான் பிரச்னையே. மெயின் ரோட்டில் பஸ் வரும். உள்ளே இருக்கும் இரண்டாவது, மூன்றாவது கிராஸ் தெருவுக்கு வராது.

அடுத்து கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் புது பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கே வந்துவிட்டன. சென்னைக்குள் இருப்பவர்களுக்கு இது தூரம். தாம்பரம், வண்டலூர்க்காரர்களுக்கு இது பக்கம். பக்கம்தான், ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு ஊரிலிருந்து வந்து இறங்கும் பாட்டியை யார் போய்க் கூட்டி வருவது? அப்பா நைட் ஷிஃப்ட், நீங்கள் பெங்களூரில். ஆட்டோக்காரர் சொல்லும் ரேட்டைக் கேட்டால் பஸ்ஸிலேயே திரும்பி ஊருக்குப் போய்விடலாம் போலிருக்கும். 'நாமே வண்டி ஓட்டினால் என்ன' என்று அம்மாக்களுக்குத் தோன்றுவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

2021 மே மாதம் முதல் அரசு சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் பெண்களின் மாதச் செலவைக் குறைத்தது, வெளியே போய் வரும் தயக்கத்தையும் குறைத்தது. ஆனால், பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. கையில் காய்கறிப் பை, மூட்டு வலி, மேலே வெயில் என்றால் ஒன்றரை கிலோமீட்டர் சின்ன தூரம் இல்லை.

இந்த நேரத்தில்தான் வரியும் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான டூவீலர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதம் ஆனது. 350 சிசி-யைத் தாண்டினால் 40 சதவிகிதம். அதாவது குடும்ப ஸ்கூட்டருக்கும் விலை குறைந்திருக்கிறது, அப்பா கனவு காணும் 350 சிசி புல்லட்டுக்கும் குறைந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. குறைந்தது சரி, ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக்தான் குறையவில்லை.

இரண்டு திட்டங்களுக்கு நடுவில் விழுந்தவர்கள்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு 50 வயது என்று வைத்துக்கொள்வோம். 1975-ல் பிறந்தவர்.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-ல் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற பிரிவினருக்கும், மாணவர்களுக்கும் விரிந்தது. பதினோராம் வகுப்பில் சைக்கிள் கையில் வந்த பெண், சில வருஷங்களில் ஸ்கூட்டி ஏறுவது பெரிய விஷயமே இல்லை. பேலன்ஸ் ஏற்கெனவே உடம்பில் ஏறியிருக்கும். ஆனால், 2001-ல் உங்கள் அம்மாவுக்கு வயது 26. கையில் சைக்கிள் இல்லை, இடுப்பில் நீங்களோ உங்கள் அக்காவோ இருந்திருப்பீர்கள்.

அடுத்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா ஸ்கூட்டர் திட்டம். 2018 பிப்ரவரி 24-ல் சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்தார். வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். திட்டம் வந்தபோது வயது வரம்பு 18 முதல் 40. அப்போது உங்கள் அம்மாவுக்கு 43.

2025 மகளிர் தினத்தன்று சென்னையில் பிங்க் ஆட்டோக்கள் ஓடத் தொடங்கின. பெண்களே ஓட்டும் ஆட்டோ, அரசு மானியத்தோடு. நல்ல திட்டம். அதிலும் வயதுக்கு மேல்வரம்பு 45.

ஒவ்வொரு கதவும் அவர் வந்து சேர்வதற்குள் மூடியிருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. மானியத்தை இளம் வயதினருக்குக் கொடுத்தால் நீண்ட காலம் பயன்படும் என்பது அரசின் கணக்காக இருக்கலாம். ஆனால் விளைவு என்ன? நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு தலைமுறைப் பெண்கள் முழுக்கப் பின்சீட்டிலேயே உட்காரவைக்கப்பட்டார்கள். முதலில் அப்பாவின் பின்சீட், பிறகு கணவரின் பின்சீட், இப்போது மகனின் பின்சீட். 'எனக்கு என்னத்துக்குப்பா வண்டி' என்று அவர்கள் சொல்வது விருப்பமின்மை இல்லை. கேட்டுக் கிடைக்காமல் பழகிப்போனவர்களின் பதில் அது.

'வயசான பிறகு இதெல்லாம் வராது' என்பவர்களுக்குப் புதுக்கோட்டையைக் காட்டலாம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், நர்ஸ்கள், கிராம சேவிகாக்கள் எனப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் கூடி சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதால் உலகத்துக்கே தெரிந்த கதை இது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்பக்க பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதில் ஒரு வசதியையும் கண்டுபிடித்தார்கள். அந்த உற்சாகத்தைப் பார்த்து அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு யுனிசெஃப் 50 மொபெட்டுகளுக்கு ஒப்புதல் கொடுத்தது.

அவர்கள் எல்லோரும் பதினாறு வயதுப் பெண்கள் இல்லை. பலர் குழந்தை பெற்றவர்கள். வயது தடையாக இல்லாமல் போனதற்குக் காரணம், ஊரே சேர்ந்து கற்றது. தனியாக ஒருத்தி விழுந்தால் சிரிப்பார்கள். நூறு பேர் விழுந்து எழுந்தால் அது திருவிழா.

'ரோடு இருக்கிற இருப்புக்கு அம்மாவை அனுப்பணுமா?'

நியாயமான கேள்வி. மத்திய அரசின் 2022 சாலை விபத்து அறிக்கையைப் பார்ப்போம். அந்த ஓர் ஆண்டில் இந்தியா முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 44.5 சதவிகிதம் டூவீலரில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிரிழப்பு 17,884. பயப்பட வேண்டிய எண்கள்தான், மறைக்க எதுவுமில்லை.

ஆனால், அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். உங்கள் அம்மா ஏற்கெனவே ரோட்டில்தான் இருக்கிறார். ஒரு பக்கமாகக் கால் போட்டு, ஒரு கையில் பை, ஒரு கையில் சீட் கம்பி, தலையில் ஹெல்மெட் இல்லாமல். வேகம், பிரேக், ஓவர்டேக் எதுவுமே அவர் கையில் இல்லை. அவர் வண்டி கற்றால் ரிஸ்க் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. இதுவரை அடுத்தவர் கையில் இருந்த ரிஸ்க்கின் ஒரு பகுதி அவர் கைக்கு வருகிறது.

இன்னொன்று. அதே ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.5 சதவிகிதம், 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். அதிகம் ஓட்டுவது அந்த வயதினர்தான் என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் 'அம்மாவுக்கு ரோடு ஆபத்து' என்று சொல்லும் நீங்கள், இரவு 11 மணிக்கு ஓ.எம்.ஆரில் எப்படிப் பறக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

வயசு வேலை செய்யும் இடங்கள்

வயது ஒரு நம்பர் மட்டும்தான் என்பது மோட்டிவேஷன் போஸ்டருக்கு ஓகே. ரோட்டில் வயது உண்மையிலேயே வேலை செய்யும். எங்கே என்று தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம்.

முதலில் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்துக் கண்ணாடி போட்டிருந்தால், கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அது வழியாக வண்டிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். எதிரே வரும் ஹை பீம் வெளிச்சம் பட்டுக் கண் கூசினால், பார்வை திரும்பத் தெளிய இளவயதைவிட நேரம் பிடிக்கும். வண்டி பழகுவதற்கு முன் ஒரு கண் பரிசோதனை கட்டாயம். முதல் ஆறு மாதம் இரவில் ஓட்ட வேண்டாம்.

இரண்டாவது எலும்பு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். இருபது வயதில் சிராய்ப்போடு போகும் விழுதல், ஐம்பதில் மணிக்கட்டு முறிவாகலாம். அமெரிக்காவில் 2001 முதல் 2008 வரையிலான பைக் விபத்துக் காயங்களை அலசிய ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. அடிபட்டு வந்தவர்களில், 20, 30-களில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் 40 முதல் 59 வயதினர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 60-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று மடங்கு. அடி ஒன்றுதான், உடம்பு வேறு.

மூன்றாவது சுகர். இன்சுலின் அல்லது சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கலாம். நீண்ட நாள் சுகர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். கால் ஊன்றும்போது தரை தட்டுப்படுவதே சரியாகத் தெரியாது. வண்டி எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

கவனித்தீர்களா, இதில் எதுவுமே 'கத்துக்காதே' என்று சொல்லவில்லை. 'இருபது வயசுப் பையன் மாதிரி கத்துக்காதே' என்றுதான் சொல்கிறது.

அப்பாவின் புல்லட் ஆசை

அம்மாவின் ஸ்கூட்டர் தேவையிலிருந்து வருகிறது. அப்பாவின் புல்லட் பெரும்பாலும் ஆசையிலிருந்து வருகிறது. தவறே இல்லை. திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கிய புல்லட்டின் கதை, இன்று தாம்பரத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போகும்போதெல்லாம் அப்பாவின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பிரச்னை, 'நான் அந்தக் காலத்துலயே ஓட்டினவன்' என்ற நம்பிக்கையில் இருக்கிறது. அந்தக் காலப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டியில் அப்படியே தலைகீழ். பழைய ஸ்கூட்டரில் கியர் இடது கைப்பிடியில் இருந்தது. மூளை மறந்தாலும் கால் மறக்காது. நாய் குறுக்கே வரும் அந்த ஒரு விநாடியில், முப்பது வருஷத்துக்கு முந்தைய கால்தான் முதலில் வேலை செய்யும். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்.

அப்புறம் எடை. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஒரு ஆக்டிவா 106 கிலோ பக்கம். ஓடும்போது எடை தெரியாது. பெட்ரோல் பங்க்கில் திருப்பும்போது, சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது, சிக்னலில் கால் ஊன்றிய இடத்தில் மணல் இருக்கும்போது தெரியும். 'அஜித்தே இந்த வயசுல உலகம் சுத்தறாரே' என்பார் அப்பா. அஜித் 1971-ல் பிறந்தவர், சரிதான். ஆனால், அவர் ஐம்பதில் கற்றுக்கொண்டவர் இல்லை. சினிமாவில் பெரிய பெயர் வாங்குவதற்கு முன்பே பைக் பந்தயத்தில் இருந்தவர், 2010-ல் ஃபார்முலா 2 கார் ஓட்டியவர். அப்பாவின் இருபது வருட கேப் அவருக்கு இல்லை.

பல வருடம் விட்டுவிட்டுத் திரும்ப வருபவரும் கற்றுக்குட்டிதான். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் ரைடு போவதற்கு முன், ஒரு மாதம் மேடவாக்கம் வரை காலையில் போய் வரட்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருக்கட்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி-க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம், 125 சிசி வரை இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் போதும். 'ஃப்ரெண்டோட பழைய வண்டி சும்மா கிடக்கு' என்று ஏபிஎஸ் இல்லாத பழைய மாடலைத் தூக்கி வருகிறார் என்றால், ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.

வாத்தியார் நீங்கள்தான்

நம் வீடுகளில் வண்டி கற்றுத்தரும் முறை ஒன்று இருக்கிறது. ஏற்றி உட்காரவைத்து, 'முறுக்கு' என்று சொல்லிவிட்டு, ஓட்டுபவர் தடுமாறும்போது கத்துவது. பதினெட்டு வயதில் இது வேலை செய்திருக்கலாம். ஐம்பது வயதில் செய்யாது. கத்தக் கத்தக் கை இறுகும். கை இறுகினால் ஆக்ஸிலேட்டர் முறுக்கும். இப்படிச் செய்து பாருங்கள்.

முதல் நாள் இன்ஜினே வேண்டாம். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிற உயரமுள்ள வண்டியா என்று பாருங்கள். உட்கார்ந்தபடியே காலால் தள்ளித் தள்ளி ஐம்பது அடி போகட்டும். நடுவில் கால் தூக்கச் சொல்லுங்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கு இந்த ஒரு வாரம்தான் பேலன்ஸ் பாடம்.

பிரேக் முதலில், ஆக்ஸிலேட்டர் கடைசியில். காலால் தள்ளி உருட்டும்போதே பிரேக் பிடித்து நிற்கப் பழகட்டும். ஸ்டார்ட் பண்ணும்போது விரல் பிரேக்கில் இருக்க வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் விழுவதில் பெரும்பகுதி, பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதால்தான். வண்டியை விட்டு இறங்கித் தள்ளும்போது இன்ஜின் கண்டிப்பாக ஆஃப். கேட்டுக்குள் ஏற்றும்போது ஓடுகிற வண்டி கையைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதுவது இதனால்தான்.

நீங்கள் பின்னால் உட்காராதீர்கள். உங்கள் எடையும் சேர்ந்தால் அவருக்கு பேலன்ஸ் புரியாது. பின்னாலிருந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பது இன்னும் மோசம். பக்கத்தில் நடந்து வாருங்கள். சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. எல்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவர், கற்றுத்தருகிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

பார்வை எங்கேயோ, வண்டி அங்கே. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் பள்ளத்தில்தான் இறங்கும். திரும்பப்போகும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு போடுவதன் ரகசியமும் இதுதான்.

உடை. துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொள்ளட்டும், அல்லது பையில் வைக்கட்டும். புடவைதான் என்றால் முந்தானையைச் சொருகி பின் குத்தியே ஆக வேண்டும். செருப்பு வழுக்காத, பட்டை வைத்த செருப்பு. ஹெல்மெட் அவர் தலைக்கு வாங்கியதாக இருக்க வேண்டும், உங்கள் பழையது இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் முதல் அது இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு.

ரூட்டையும் படிப்படியாக மாற்றுங்கள். முதலில் லேஅவுட் தெரு. பிறகு, பக்கத்து மளிகைக் கடை. அதன்பின், கேம்ப் ரோடு மாதிரி கொஞ்சம் பரபரப்பான சாலை, கூட்டம் இல்லாத நேரத்தில். ஜி.எஸ்.டி. சாலையும் வேளச்சேரி மெயின் ரோடும் கடைசிப் பாடம். அந்தப் பாடத்துக்குப் போகாமலே ஒருவர் நிம்மதியாக வண்டி ஓட்டலாம் என்பதையும் சொல்லுங்கள். காய்கறிக் கடை, கோயில், ரேஷன் கடை, ஸ்டேஷன். இந்த நாலு இடத்துக்கு யாரையும் கேட்காமல் போய் வருவதுதான் பலருக்கும் வேண்டிய சுதந்திரம்.

மழைக்காலத்தில் கற்றுத்தர ஆரம்பிக்க வேண்டாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நின்றால் பள்ளமும் தெரியாது, மூடி இல்லாத கால்வாயும் தெரியாது. ஜனவரிக்கு மேல் தொடங்குங்கள்.

காகிதம் முக்கியம் பாஸ்

'வீட்டுப் பக்கத்துலதானே ஓட்டறாங்க, லைசென்ஸ் எதுக்கு' என்று விடுகிற வீடுகள் நிறைய. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். ஹெல்மெட் இல்லை என்றால் 1,000. ஆனால், அபராதம் இங்கே சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்சூரன்ஸ்.

உங்கள் வீட்டு ஸ்கூட்டரின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயரில். வண்டி இன்சூரன்ஸோடு 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று வரும். அது 'ஓனர் - டிரைவர்' காப்பீடு. அதாவது, ஆர்.சி-யில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும்போது மட்டும். அப்பா பெயரில் உள்ள வண்டியை அம்மா ஓட்டி, தானே விழுந்து பெரிய காயம் பட்டால் அந்த 15 லட்சம் அவருக்குக் கிடையாது. தினமும் ஓட்டுவது அவர், பாதுகாப்பு இன்னொருவருக்கு! தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்கலாம். இல்லை என்றால் ஆர்.சி-யை அவர் பெயருக்கு மாற்றி, பாலிசியையும் அவர் பெயருக்கு மாற்றலாம்.

லைசென்ஸ் எடுப்பது கஷ்டமில்லை. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். அது வாங்கி 30 நாள் கழித்துத்தான் தாம்பரம் ஆர்.டி.ஓ-வோ, சோழிங்கநல்லூரோ, மீனம்பாக்கமோ, உங்கள் ஏரியா அலுவலகத்தில் எட்டு போட முடியும். அந்த 30 நாளைத் தண்டனையாக நினைக்காமல் பயிற்சிக் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். 30-லிருந்து 50 வயதுக்குள் எடுத்தால் லைசென்ஸ் 10 வருடம் செல்லும். 50-க்கு மேல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் எடுத்தால் ஐந்து ஐந்து வருடமாக.

அப்பாக்களுக்கு இரண்டு குறிப்பு. கியர் இல்லாத வண்டியில் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸில் புல்லட் ஓட்டக் கூடாது. கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு எந்த டூவீலரும் ஓட்டக் கூடாது. 'எல்லா லைசென்ஸும் ஒண்ணுதான்' என்பது கிளெய்ம் நிராகரிக்கப்படும் நாளில்தான் பொய் என்று தெரியும்.

இதையும் போனில் சேமித்து வையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில், நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். வீட்டுப் பக்கத்தில் எந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

அரசு என்ன செய்யலாம்?

ஒரு வார்த்தை இங்கேயும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஸ்கூட்டர் வாங்குவது போக்குவரத்துக்கு விடை ஆகாது. உள் தெருக்களுக்கு மினி பஸ் வந்தால் பாதிப் பேருக்கு வண்டியே தேவைப்படாது. முட்டி தாங்காதவர்கள், கண் ஒத்துழைக்காதவர்கள், விருப்பமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பஸ்தான் சுதந்திரம். 'ஸ்கூட்டி வாங்கிக்க வேண்டியதுதானே' என்று சொல்லி பஸ்ஸைக் குறைத்தால் அது அநியாயம்.

ஆனால், கற்க விரும்புகிறவர்களுக்கு அரசு செய்யக்கூடியது செலவே இல்லாத விஷயம். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். வாரத்தில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம், ஒரு பள்ளி மைதானம், நாலு பழைய ஸ்கூட்டர், கத்தாத ஒரு பெண் பயிற்சியாளர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே தெருத்தெருவாக இருக்கின்றன, ஆள் சேர்க்க அவர்களே போதும். புதுக்கோட்டையில் சைக்கிளுக்குச் செய்ததை இங்கே ஸ்கூட்டருக்குச் செய்வதுதான். அடுத்த முறை எந்த அரசு டூவீலர் மானியம் அறிவித்தாலும், வயது வரம்பு 40 என்ற வரியை எடுத்துவிட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கட்டும்.

அதுவரை வேலை உங்களுடையது. நீங்கள் நடை பழகியபோது எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால் ஒரு மாதம், ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். போனை பாக்கெட்டில் வையுங்கள். கத்தாதீர்கள். வீட்டில் அடுத்த வண்டி புக் செய்யும்போது, ஷோரூமில் ஃபார்ம் நீட்டி 'யார் பேர்ல சார்?' என்று கேட்பார்கள் இல்லையா... அம்மா பெயரைச் சொல்லுங்கள்.